மாதிரிக்கு என் இடது கை

ஒரு காது செத்த ஹெட்போன்.
வலது பக்கம் மெஷின் இரைச்சல்,
இடது பக்கம் முப்பதாண்டுப் போர்.
இரண்டுக்கும் நடுவில் நான்
யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல்லைத்
தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒலமோட்ஸில் எங்கள் பல் பட்டறைக்கு ஜன்னல் கிடையாது.
நாற்பது ஜோடித் தாடைகள், சுண்ணத்தில் வார்த்தவை,
அலமாரியில் வரிசையாக.
எதையோ சொல்ல வாயெடுத்து
அப்படியே மறந்துபோனவை.
திகில் கதை கேட்க
இதைவிட நல்ல இடம் யாருக்கு வாய்க்கும்?

திங்கள் முதல் புதன்வரை வரலாறு.
வியாழன், வெள்ளி பேய்.
நானே எனக்குப் போட்டுக்கொண்ட டைம்டேபிள்,
பெரும்பாலும் மீறுவதற்காக.

கடைசி டிராமில் வீடு வந்ததும்
ஷூவைக்கூடக் கழற்றாமல்
பழைய பில்களின் பின்பக்கத்தில் வரைவேன்.
விரலில் ஒட்டிய சுண்ணத்தூள்
காகிதத்தில் தானாகவே பனிமூட்டம் ஆகிவிடும்.
அதற்கு நான் பொறுப்பல்ல.

பேய்கள் எளிது.
முழங்கைக்குக் கூடுதலாக ஒரு மூட்டு,
அல்லது ஒரு கண்ணை மட்டும் விரற்கடை கீழே இறக்கினால் போதும்,
பென்சிலே பயந்துகொள்ளும்.
அந்தக் கதைகளை வாசிக்கிறவளுக்குத் தேன் குரல்.
விலா எலும்பு முறிவதைக்கூட
பக்கத்து வீட்டுக்கு ஜாம் செய்முறை சொல்வதுபோலச் சொல்வாள்.
புகைபோக்கிக்குள் தலைசீவுகிறவள்,
மாடிப்படியில் தன் நிழலை மடித்துவைத்துவிட்டுப் போகிறவன்,
எல்லோரையும் வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டியாகிவிட்டது.
பால் எடுக்கும்போது வணக்கம் சொல்லிக்கொள்கிறோம்.

வரலாறுதான் வரமாட்டேன் என்கிறது.

அதை வாசிக்கிறவருக்குச் சளி.
அத்தியாயங்களுக்கு நடுவே தண்ணீர் விழுங்குவது கேட்கும்.
ஒன்பதாம் அத்தியாயம். முற்றுகையின் ஐந்தாம் மாதம்.
ஊரில் குதிரைகள் தீர்ந்து, பூனைகள் தீர்ந்து,
இடுப்பு வாரை ஊறவைத்துக் கொதிக்கவிடுகிற இடம்.
அப்போது அவர் வயிறு இரைந்தது.
தெளிவாக. நீளமாக.
மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய வயிறு.
யாரும் அதை வெட்டவில்லை.

மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.
கையிலிருந்த பல் விழுந்து
மேசைக்கடியில் உருண்டது.

அன்றிரவு வரைய உட்கார்ந்தால்
பட்டினி வரவில்லை.
எலும்பெல்லாம் வந்தது,
ஆனால் அது வியாழக்கிழமை எலும்பு.
கோட்டைச் சுவர் வந்தது, தபால் அட்டை மாதிரி.
கிழித்தேன்.

பிறகு, சளிக்காரர் போகிற போக்கில்
இரண்டு வரியில் தாண்டிப்போன ஒருவன் நினைவுக்கு வந்தான்.
தானியக் கிடங்கின் குமாஸ்தா.
கடைசி வாரம்வரை கணக்கு எழுதியிருக்கிறான்.
மூட்டைகள் இருந்தன என்று கணக்கில் இருக்கிறது.
கதவு திறக்கப்படவில்லை என்றும் இருக்கிறது.
பெயர் இல்லை.
கையெழுத்து அழகாம்.

பேய்க்கதையில் கதவு தானாகத் திறக்கும்.
இத்தனை நாள்
அதைத்தான் திகில் என்று நினைத்திருந்தேன்.

சாவியை வரைந்தேன்.
பிடித்திருக்கும் கைக்கு ஒரு மாதிரி வேண்டும்.
மணி ஒன்றரை, யாரைப் போய் எழுப்புவது?
என் இடது கையை மேசையில் வைத்து
சைக்கிள் பூட்டின் சாவியைக் கொடுத்து
விளக்கைத் தாழ்த்திப்
பார்த்துப் பார்த்து வரைந்தேன்.
நகத்தோரத்து வெள்ளைத்தூள்,
கட்டைவிரலில் அரம் கீறிய தழும்பு,
சாவி நழுவாமல் இருக்க விரல்கள் கொடுத்த
அந்தச் சின்ன அழுத்தம்.
எதுவுமே சிரமமாக இல்லை.

காலையில் அறைத்தோழி லுமீரா
பால் எடுக்கப் போனவள் நின்றாள்.
தலைசீவுகிறவளைத் தாண்டி, நிழல் மடிப்பவனைத் தாண்டி
மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தாள்.
"இது மட்டும் பேயில்லையே.
உன் கைதானே?"

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
வாய் நிறைய இருந்தது.
தலையாட்டினேனா, நினைவில்லை.

நூலகத்துக்குத் திருப்ப இன்னும் நான்கு நாள்.
பத்தாம் அத்தியாயம் தொடாமல் கிடக்கிறது.
இன்று செவ்வாய்தான், ஆனாலும்
பேய்க்கதை கேட்கிறேன்.
அதில் என்னைப் போன்றவர்கள்
ஒரு தப்பும் செய்யாமல்
முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறார்கள்.